சில ஆண்டு ஓடிய ஸ்போர்ட்ஸ் கார்: கேமன், கார்வெட், சுப்ரா, மியாட்டா ஆகியவற்றில் எதில் பணம் குறைவாகக் கரையும்?

அமெரிக்கச் சந்தையில் இரண்டு முதல் ஐந்து ஆண்டு ஓடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, நான்கு ஆண்டுகள் மனம் நிறைய ஓட்டிவிட்டு, பிறகு விற்றுவிட வேண்டும் என்று திட்டமிடுபவரை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். புதிதாக வாங்குபவர் முதல் இழப்பு தம்முடையது என்பதை ஏற்றுக்கொண்டே வாங்குகிறார். இருபது ஆண்டுப் பழமையைத் தேடி வாங்குபவரின் கணக்கு முற்றிலும் வேறு. இந்த இருவருக்கும் நடுவில் இருப்பவருக்குத்தான் தேர்வு உண்மையிலேயே கடினம். ஏனென்றால் அவர் முன் நிற்கும் கார்கள் எல்லாமே நன்றாக ஓடுபவை, ஆனால் கைமாறும் நாளில் அவை திருப்பித் தரும் தொகை ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடும். போர்ஷே 718 (மூடிய கூரையுள்ள கேமன், கூரை திறக்கும் பாக்ஸ்டர்), செவ்ரலே கார்வெட்டின் எட்டாம் தலைமுறையான சி8, டொயோட்டா ஜிஆர் சுப்ரா, மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டா ஆகிய நான்கையும் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றைப் போகிற போக்கில் தொடுவேன்.

மறுவிற்பனை மதிப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் விழுக்காட்டுக் கணக்கில்தான் தொடங்குகிறது. கார் விற்பனைத் தரவுகளை ஆராயும் ஐசீகார்ஸ் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் தேய்மானப் பட்டியலில் போர்ஷே 911 நெடுங்காலமாக உச்சியிலோ உச்சிக்கு அருகிலோ இருந்துவருகிறது. 2023-இல் அந்தப் பட்டியல் 911-இன் ஐந்தாண்டு இழப்பை 9.3 விழுக்காடு என்று காட்டியது. 2025-இல் அதே காருக்கு அதே நிறுவனம் கொடுத்த எண் 19.5 விழுக்காடு. எல்லாக் கார்களையும் சேர்த்த சராசரியும் இதே இடைவெளியில் 38.8-இலிருந்து 45.6-க்கு ஏறியது. கார் மாறவில்லை, சந்தை மாறியது. பெருந்தொற்றுக் காலத்தில் சிப் தட்டுப்பாட்டால் புதிய கார்கள் கிடைக்காமல் போனபோது, 2022 ஜனவரியில் பழைய கார்களின் விலை முந்தைய ஆண்டைவிட 40.5 விழுக்காடு உயர்ந்திருந்ததாக அமெரிக்க அரசின் நுகர்வோர் விலைக் குறியீடு பதிவு செய்தது. அந்த ஆண்டுகளின் விற்பனையை உள்ளடக்கிய எந்தப் பட்டியலும் காரின் இயல்பான குணத்தைக் காட்டாது. இன்று வாங்குபவர் 2021, 2022 ஆண்டுகளின் வெற்றிக் கதைகளை, குறிப்பாக வாங்கிய விலைக்கு மேலேயே விற்ற கார்வெட் உரிமையாளர்களின் கதைகளை, தம் திட்டத்துக்கு அடிப்படையாகக் கொள்ளவே கூடாது.

விழுக்காடு வேறொரு வகையிலும் ஏமாற்றும். இதைக் கற்பனைக் கணக்கு ஒன்றின் வழியாகப் பார்ப்பதே தெளிவு. கீழே வரும் வாங்கும் விலைகளும் விற்கும் விலைகளும் நான் எடுத்துக்கொண்டவை, சந்தை அறிக்கை அல்ல. ஒருவர் கார்வெட் ஒன்றை 65,000 டாலருக்கு வாங்கி நான்கு ஆண்டு கழித்து 48,000-க்கு விற்கிறார். மற்றொருவர் மியாட்டாவை 27,000-க்கு வாங்கி 20,000-க்கு விற்கிறார். இருவரும் இழந்தது ஏறக்குறைய 26 விழுக்காடே. ஆனால் முன்னவர் பையிலிருந்து போனது 17,000 டாலர், பின்னவருக்கு 7,000. பட்டியலில் இரண்டு காரும் ஒரே வரிசையில் நிற்கும். வங்கிக் கணக்கில் நிற்காது.

மூன்றாமவர் ஆறு சிலிண்டர் கேமன் ஒன்றை 92,000-க்கு வாங்கி 80,000-க்கு விற்கிறார் என்போம். இழப்பு 13 விழுக்காடு, அதாவது கார்வெட்காரரின் விழுக்காட்டில் பாதி. இதைக் கேட்டவுடன் போர்ஷேதான் சிக்கனம் என்று முடிவுகட்டத் தோன்றும். இங்கே விற்பனை வரியைச் சேர்க்க வேண்டும். ஏனென்றால் அது எந்தக் காரிலும் திரும்பி வராத பணம். கலிஃபோர்னியாவின் குறைந்தபட்ச வரியான 7.25 விழுக்காட்டைப் போட்டால் கேமனுக்கு 6,670 டாலரும் கார்வெட்டுக்கு ஏறத்தாழ 4,700 டாலரும் போய்விடும். வரியையும் சேர்த்த மொத்த இழப்பை நான்கு ஆண்டுக்குப் பிரித்தால் கேமனுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4,670 டாலர், கார்வெட்டுக்கு 5,430. இன்னும் போர்ஷேவே முன்னால் இருக்கிறது. ஆனால் கேமன்காரர் கூடுதலாக 27,000 டாலரைக் காரில் முடக்கியிருக்கிறார். அந்தத் தொகை வங்கியில் ஆண்டுக்கு 4 விழுக்காடு ஈட்டியிருந்தாலே 1,080 டாலர் வந்திருக்கும். அதைச் சேர்த்தால் கேமனின் ஆண்டுச் செலவு 5,750-ஐத் தொட்டு, கார்வெட்டைத் தாண்டிவிடுகிறது. கடன் வாங்கிக் கட்டுபவருக்கு இடைவெளி இன்னும் பெரிது. சர்வீஸ் கட்டணத்தையும் காப்பீட்டையும் நான் இன்னும் தொடவே இல்லை.

மதிப்பை நன்றாகத் தாங்கும் கார் வேறு, குறைந்த செலவில் ஓட்டக்கூடிய கார் வேறு என்பதே இந்தக் கணக்கு சொல்வது. இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதி, விழுக்காட்டுப் பட்டியலின் உச்சியில் இருப்பதையே கையில் அடங்காத விலைக்கு வாங்குபவர்களைப் பார்க்கும்போது உள்ளபடியே வருத்தமாக இருக்கிறது.

வரி விஷயத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. டெக்சாஸில் பழைய காரை டீலரிடமே மாற்றுக்குக் கொடுத்தால், அதன் மதிப்பைக் கழித்த பிறகே புதிய காருக்கு 6.25 விழுக்காடு வரி. 48,000 டாலர் மதிப்புள்ள காரை மாற்றுக்குக் கொடுப்பவருக்கு அங்கே 3,000 டாலர் வரி மிச்சமாகிறது. ஆகவே நேரடியாகத் தனியாருக்கு விற்றால் 3,000 டாலருக்குள் மட்டுமே கூடுதலாகக் கிடைக்கும் என்றால், அந்த அலைச்சல் தேவையற்றது. கலிஃபோர்னியாவில் இந்தக் கழிவு கிடையாது. அங்கே தனியாருக்கு விற்பதன் ஆதாயம் முழுதாகக் கைக்கு வரும். ஒரே காரின் மறுவிற்பனை மதிப்பு, விற்பவர் வசிக்கும் மாநிலத்தைப் பொறுத்து இப்படி மாறுவதைப் பலர் கவனிப்பதில்லை.

இனி கார்களுக்கு வருவோம். போர்ஷே 718 என்று பொதுவாகச் சொன்னாலும், மறுவிற்பனையைப் பொறுத்தவரை அது இரண்டு வெவ்வேறு கார்கள். 2016-இல் வந்த 718 கேமனும் பாக்ஸ்டரும் நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சினுடன் வந்தன: அடிப்படை மாடலில் 2.0 லிட்டர், 300 குதிரைத்திறன். எஸ் மாடலில் 2.5 லிட்டர், 350 குதிரைத்திறன். வேகத்தில் குறையொன்றும் இல்லை. ஆனால் முந்தைய தலைமுறையின் ஆறு சிலிண்டர் ஒலியைக் கேட்டுப் பழகியவர்கள் புதிய எஞ்சினின் கரகரப்பை ஏற்கவில்லை. போர்ஷே அந்தக் குறையை உணர்ந்துகொண்டதுபோல் 2020-இல் ஜிடிஎஸ் 4.0 என்ற மாடலைக் கொண்டுவந்தது. டர்போ இல்லாத 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், அமெரிக்கக் கணக்கில் 394 குதிரைத்திறன், ஆறு வேக மேனுவல் கியர். ஏழு வேக பிடிகே ஆட்டோமேட்டிக் சற்றுப் பின்னால் வந்தது. இந்த ஜிடிஎஸ் 4.0-வும் அதற்கு மேலே உள்ள ஜிடி4, ஸ்பைடர் மாடல்களும் சில ஆண்டு ஓடிய பிறகும் புதிதாக இருந்தபோது குறிக்கப்பட்ட விலைக்கு அருகிலேயே கைமாறுகின்றன. நான்கு சிலிண்டர் மாடல்கள் அப்படி நிற்பதில்லை.

இந்த வேறுபாட்டைக் கூர்மையாக்கியது உற்பத்தி நிறுத்தம். ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையப் பாதுகாப்பு விதிகளுக்கு இந்தப் பழைய மின்னணு அமைப்பு பொருந்தாததால், 2024-இன் நடுவிலேயே ஆர்எஸ் என்ற உச்ச மாடல்கள் தவிர்த்த 718-இன் விற்பனை அங்கே நின்றுபோனது. 2025 அக்டோபரில் உற்பத்தியும் முடிந்தது. அடுத்த தலைமுறை மின்சாரக் காராக மட்டுமே வரும் என்று நெடுநாள் எல்லோரும் நம்பியிருந்ததால், பெட்ரோல் ஆறு சிலிண்டர் கேமன் இனி வரப்போவதில்லை என்ற எண்ணமும் விலைக்குள் புகுந்துகொண்டது. ஆனால் 2025 செப்டம்பரில் போர்ஷே தன் திட்டத்தை மாற்றி, 718-க்கு அடுத்து வரும் காரின் உயர் மாடல்களில் பெட்ரோல் எஞ்சினும் இருக்கும் என்று அறிவித்தது. அந்தக் கார் சந்தைக்கு வரும் நாளில் இன்றைய ஜிடிஎஸ் 4.0-வின் அருமை ஓரளவு குறையலாம். இதற்கு நேர் எதிராக வேலை செய்வது புதிய காரின் விலையேற்றம். 2017 மாடல் அடிப்படை கேமன் 54,000 டாலருக்குச் சற்றுக் கீழே தொடங்கியது. 2025-இல் அதே கார் 70,000-ஐத் தாண்டியிருந்தது. புதியது ஏற ஏற, பழையதற்கும் தரை உயர்கிறது.

போர்ஷே வாங்குபவருக்கு மற்ற மூன்றிலும் கிடைக்காத ஒரு சாட்சியம் உண்டு. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, அனுமதிக்கப்பட்ட சுழற்சி வேகத்தை எஞ்சின் எத்தனை முறை மீறியது என்பதை ஆறு நிலைகளாகப் பிரித்துப் பதிந்துவைக்கிறது. ஒவ்வொரு நிலைக்கும் அது நிகழ்ந்தபோது எஞ்சின் மொத்தம் எத்தனை மணி ஓடியிருந்தது என்ற குறிப்பும் இருக்கும். முதல் நிலைகளில் எண் இருப்பது சாதாரணம். வேகமாக ஓட்டியிருக்கிறார் என்று மட்டுமே பொருள். நான்கு முதல் ஆறு வரையிலான நிலைகளில் எண் இருந்தால், மேனுவல் காரில் ஐந்தாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு என்று எண்ணி யாரோ இரண்டாம் கியரில் தள்ளியிருக்கிறார் என்று ஊகிக்கலாம். அந்தப் பதிவு காரின் பிற்கால விலையோடு நிழல்போல் வரும். ஆகவே வாங்குவதற்கு முந்தைய சோதனையில் இந்த அச்சுப்பிரதியைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைப்பவர், நான்கு ஆண்டு கழித்துத் தாம் விற்கும்போது தம் பங்கில் புதிதாக எதுவும் ஏறவில்லை என்று காட்ட முடியும். போர்ஷேவின் சான்றளிக்கப்பட்ட பழைய கார் திட்டத்தில் வாங்கினால், நான்கு ஆண்டு அல்லது 50,000 மைல் என்ற மூல வாரண்டிக்குப் பிறகு மேலும் இரண்டு ஆண்டு மைல் வரம்பற்ற வாரண்டி கிடைக்கும். அடுத்து வாங்குபவருக்கும் அது செல்லும் என்பதால், அதற்காகக் கொடுக்கும் கூடுதல் விலையில் ஒரு பங்கு திரும்ப வருகிறது.

கார்வெட் சி8-இன் கதை வேறு திசையில் போகிறது. 2019 ஜூலையில் அறிமுகமாகி 2020 மாடலாக வந்த இது, கார்வெட் வரலாற்றில் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்த முதல் விற்பனை மாடல். 6.2 லிட்டர் வி8, 490 குதிரைத்திறன், தொடக்க விலை 59,995 டாலர். அந்த விலைக்கு அப்படிப்பட்ட காரை வேறு எவரும் தரவில்லை. இன்றும் தரவில்லை என்றே சொல்வேன். 2019-இன் தொழிலாளர் வேலைநிறுத்தம் உற்பத்தித் தொடக்கத்தைத் தள்ளிப்போட்டது. உற்பத்தி தொடங்கிய சில வாரங்களிலேயே பெருந்தொற்று வந்து ஆலையை மூடியது. 2020 மாடலாக வெளிவந்தவை 20,000-ஐச் சற்றே தாண்டின. காத்திருப்போர் வரிசை நீண்டது, பழைய கார் புதியதைவிட அதிக விலைக்குப் போனது. அதன்பின் கென்டக்கி மாநிலத்தின் பவுலிங் கிரீன் ஆலை முழு வேகத்தில் ஓடத் தொடங்கி, 2023 மாடலாக மட்டும் 50,000-க்கும் மேற்பட்ட கார்வெட்டுகளை வெளியே தள்ளியது. அப்போது தட்டுப்பாட்டு விலை கலைந்தது. இன்று சந்தையில் சி8-க்குப் பஞ்சமே இல்லை; விற்பவர் தம்மைப்போன்ற இன்னும் பலரோடு அதே வாரத்தில் போட்டியிட வேண்டும்.

சி8-இல் மேனுவல் கியர் எந்த மாடலிலும் கிடையாது; எல்லாமே எட்டு வேக இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி. அதனால் ‘மேனுவல் என்பதால் கூடுதல் விலை’ என்ற வாய்ப்பு இதில் இல்லை. மேனுவல் வேண்டுமென்றே தேடுபவர்கள் ஏழு வேக மேனுவலுடன் வந்த முந்தைய தலைமுறையான சி7-க்குப் போகிறார்கள். குறிப்பாக 2017 முதல் 2019 வரை வந்த கிராண்ட் ஸ்போர்ட் மாடலுக்கு நிலையான விருப்பம் இருக்கிறது. 2026 மாடலில் சி8-இன் உட்புறத்தைச் செவ்ரலே மாற்றி அமைத்து, ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே சுவர்போல் இறங்கிய அந்த நீண்ட பொத்தான் வரிசையை நீக்கிவிட்டது. எனக்கு அந்த வரிசையில் குறை தெரிந்ததில்லை. ஆனாலும் புதிய உட்புறத்தைப் பார்த்தவருக்கு 2026-க்கு முந்தைய கார் ஒரே பார்வையில் பழையதாகத் தெரியும் என்பதை மறுக்க முடியாது.

சி8-ஐப் பார்க்கப் போகும்போது முதலில் கேட்க வேண்டியது கியர்பெட்டியின் வரலாறு. தொடக்க ஆண்டுகளின் கார்கள் சிலவற்றில் கியர்பெட்டி முழுவதையுமே மாற்ற நேர்ந்தது. வாரண்டியில் மாற்றப்பட்டு, டீலரின் பதிவோடு இருந்தால் அது குறையே அல்ல. புதிய கியர்பெட்டி என்று எடுத்துக்கொள்ளலாம். கியர்பெட்டியின் வடிகட்டியை 7,500 மைலில் மாற்ற வேண்டும் என்று தொடக்கக் கார்களுக்கு விதிக்கப்பட்டிருந்தது. 9,000 மைல் ஓடிய காரில் அந்த ரசீது இல்லையென்றால், அதன் உரிமையாளர் வேறு எவற்றைச் செய்யாமல் விட்டார் என்று கேட்கத்தான் வேண்டும். எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் ஐந்து ஆண்டு அல்லது 60,000 மைல் வாரண்டி, காரின் மற்ற பகுதிகளுக்கு மூன்று ஆண்டு அல்லது 36,000 மைல் வாரண்டி.

கூடுதல் வசதிகளில் எதற்குப் பணம் திரும்பும் என்பதையும் சி8 நன்றாகக் காட்டுகிறது. 1எல்டி, 2எல்டி, 3எல்டி என்ற மூன்று வசதிப் படிகளில் 3எல்டியின் தோல் உறை உட்புறத்துக்குப் புதிதாக வாங்குபவர் பல ஆயிரம் டாலர் கொடுக்கிறார்; மூன்றாவது உரிமையாளர் அதற்குச் சிறு தொகையே கூட்டித் தருவார். 5,000 டாலருக்கு வந்த இசட்51 தொகுப்பு, அதாவது பெரிய பிரேக்கும் கூடுதல் குளிர்விப்பும் பின்சக்கரங்களுக்குத் திறனைப் பகிர்ந்தளிக்கும் மின்னணு டிஃபரன்ஷியலும் சேர்ந்தது, விளம்பரத்தில் எல்லோரும் தேடும் சொல்லாகிவிட்டதால் அது இல்லாத கார் விற்கத் தாமதமாகும். மேடான வாசல்களில் முன்புறத்தைத் தூக்கிக்கொள்ளும் வசதிக்கு 2020-இல் 1,495 டாலர். 1,000 இடங்கள் வரை நினைவில் வைத்து அங்கே போனதும் தானாகவே தூக்கும். கலிஃபோர்னியாவின் சரிவான வாகன நுழைவுகளில் அது இருப்பதும் இல்லாததும் முன் பம்பரின் அடிப்பகுதியில் எழுதியிருக்கும். குனிந்து கையால் தடவிப் பார்த்தாலே போதும்.

டொயோட்டா ஜிஆர் சுப்ரா இவற்றில் மிகவும் தவறாக மதிப்பிடப்படும் கார் என்பது என் கருத்து. 2020 மாடலாக வந்தபோது, இதன் எஞ்சினும் அடித்தளமும் பிஎம்டபிள்யூவுடையவை என்பதற்காகப் பழைய சுப்ரா அன்பர்கள் முகம் சுளித்தார்கள். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், பிஎம்டபிள்யூ இசட்4-உடன் ஒரே ஆலையில் இது கட்டப்பட்டது. அந்த 3.0 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சின் பிஎம்டபிள்யூ செய்த எஞ்சின்களில் நம்பத்தகுந்தது என்று பெயரெடுத்த பிறகு அந்தப் புகார் தணிந்தது. முதல் ஆண்டில் 335 குதிரைத்திறனாக இருந்தது 2021 மாடலில் 382 ஆனது. 2023 மாடலிலிருந்துதான் மேனுவல் கியர் வந்தது. 2026 மாடலோடு இந்தத் தலைமுறை முடிகிறது. ஆக மேனுவல் சுப்ரா மொத்தமே நான்கு மாடல் ஆண்டுகளுக்கு மட்டும், அதுவும் விற்பனை எண்ணிக்கை சுருங்கிவிட்ட ஆண்டுகளில் வந்தது. வழங்கல் முடிந்துவிட்டது, கியர் விரும்பப்படுவது, எஞ்சினுக்கு நல்ல பெயர் என்ற மூன்றும் ஒரே காரில், கேமன் ஜிடிஎஸ்-ஐவிட மிகக் குறைந்த விலையில் கூடிவருகின்றன.

இதே காரின் வேறு வடிவங்களுக்கு இந்த வாதம் பொருந்தாது. 255 குதிரைத்திறன் கொண்ட 2.0 லிட்டர் சுப்ராவை விற்பது கடினம். பெயருக்காக வாங்க வருபவர் ஆறு சிலிண்டரைத்தான் கேட்பார். 2020 மாடல் மலிவாகக் கிடைப்பதற்கு அடுத்த ஆண்டே வந்த கூடுதல் திறன்தான் காரணம். அது மலிவாகவே தொடரும். அமெரிக்காவில் 1993 முதல் 1998 வரை விற்ற பழைய சுப்ரா இன்று அடைந்திருக்கும் விலையைக் காட்டி, இதுவும் அப்படி ஏறும் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. இருபது ஆண்டுக்கு மேல் காத்திருந்தவர்களுக்கு நடந்தது, நான்கு ஆண்டில் விற்கப்போகிறவருக்குப் பயன்படாது. எஞ்சினின் மென்பொருளை மாற்றித் திறன் கூட்டப்பட்ட சுப்ராக்களும் ஏராளம். அப்படி மாற்றிய காருக்கு அடுத்து வாங்குபவர் விலை குறைத்தே கேட்பார், வாரண்டியும் சிக்கலாகும். புகைக்குழாய், உள்ளிழுப்புக் குழாய், சக்கரங்கள் என்று கழற்றிய மூலப் பாகங்கள் அட்டைப்பெட்டியோடு கூடவே வந்தால் நிலைமை ஓரளவு மாறும்.

மாஸ்டா எம்எக்ஸ்-5 பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. அது குறைந்த விலைக் கார், ஆகவே இழப்பும் குறைந்த டாலரில் நிற்கிறது. 1,060 கிலோ அளவே எடை என்பதால் டயரும் பிரேக்கும் நெடுநாள் உழைக்கும். வாங்குவதானால் 2019 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்கட்டும்: அந்த ஆண்டில்தான் திறன் 155-இலிருந்து 181 குதிரைத்திறனாக உயர்ந்தது, ஸ்டீயரிங் முன்னும் பின்னும் நகரும்படி ஆனது, தொடக்க ஆண்டுகளின் மேனுவல் கியர்பெட்டியில் பேசப்பட்ட உடைவுகளும் பின்னால் போயிருந்தன. மனம் முழுக்கக் கார்வெட்டில் இருக்கும்போது சிக்கனத்துக்காக மட்டும் மியாட்டாவை வாங்கினால், ஓராண்டில் விற்றுவிட்டு மறுபடி வரி கட்டுவதில் முடியும். அந்தச் சிக்கனம் வீண்.

மற்றவற்றில் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி நல்ல கார்தான், ஆனால் எண்ணிக்கை மிக அதிகம். 2024-இல் புதிய தலைமுறையும் வந்துவிட்டதால் அதற்கு முந்தையதில் மதிப்பு நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 2017 முதல் 2019 வரையிலான போர்ஷே 911 மதிப்பை நன்றாகவே தாங்கும் என்றாலும், மேலே போட்ட கேமன் கணக்கு அதற்கும் பொருந்தும். ஜாகுவார் எஃப்-டைப் தனியே ஒரு சொல்லுக்கு உரியது. 2013 முதல் 2024 வரை வந்த இந்த அழகிய கார், பழுது குறித்த அச்சத்தால் ஐந்தாறு ஆண்டில் புதிய விலையில் பாதி அளவுக்கு இறங்கிவிடுகிறது. முதல் உரிமையாளருக்கு இது பேரிழப்பு. இரண்டாவது உரிமையாளருக்கு விழுவதற்கு மீதி அதிகம் இல்லை என்பது உண்மையே. ஆனால் வாரண்டி முடிந்த பிறகு வரும் ஒரே பெரிய பழுது, அப்படி மிச்சமானதை முழுதாக விழுங்கிவிடலாம். மெக்கானிக் ஒருவரை நெருக்கமாகத் தெரிந்தவர் தவிர மற்றவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இறக்குமதி வரியும் இந்த ஒப்பீட்டுக்குள் வந்துவிட்டது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இறக்குமதிக் கார்களுக்கு 25 விழுக்காடு கூடுதல் வரி விதித்தது. பிறகு ஜப்பானுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் அது மொத்தம் 15 விழுக்காடாகக் குறைந்தது. போர்ஷேவுக்கு அமெரிக்காவில் ஆலையே இல்லை, சுப்ரா ஆஸ்திரியாவிலிருந்து வந்தது, மியாட்டா ஜப்பானின் ஹிரோஷிமாவிலிருந்து வருகிறது. நால்வரில் கார்வெட் மட்டுமே உள்நாட்டில் கட்டப்படுவது. புதியதின் விலையை வரி உயர்த்தும்போது பழையதற்குக் கிடைக்கும் தாங்கல் மற்ற மூன்றுக்கும் உண்டு, கார்வெட்டுக்கு நேரடியாக இல்லை. இந்த வரிகள் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதன்மேல் திட்டத்தைக் கட்டக்கூடாது என்றாலும், திசையைக் கவனிக்கலாம்.

எந்தக் காரானாலும் விலையை அறிய, விற்பவர்கள் விளம்பரத்தில் கேட்கும் தொகையைப் பார்க்காமல், முடிந்த விற்பனையைப் பாருங்கள். ‘பிரிங் எ ட்ரெய்லர்’, ‘கார்ஸ் அண்ட் பிட்ஸ்’ ஆகிய ஏலத் தளங்களில் இறுதி விலை எல்லோருக்கும் தெரியும்படி நிலைத்திருக்கிறது. அதே மாடல், அதே கியர், ஒத்த மைல் உள்ள ஏழெட்டு விற்பனைகளைத் தேதியோடு எழுதிவைத்தால் சரிவின் வேகம் கண்ணுக்குத் தெரியும். முதலில் சொன்ன தளத்தில் வாங்குபவர் 5 விழுக்காடு கட்டணமும் தர வேண்டும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய கார்களை வாங்கி விற்கும் கார்மேக்ஸ் நிறுவனம் கொடுக்கும் ஏழு நாள் செல்லுபடியாகும் விலை பெரும்பாலும் கீழ் எல்லையைக் காட்டும். குளிர் மாநிலங்களில் கூரை திறக்கும் கார்களை நவம்பர் முதல் ஜனவரி வரை வாங்குபவருக்குப் பேரம் படியும்.

ஆகவே முடிவு வாங்குபவரின் நிலைமையைப் பொறுத்தது. 30,000 டாலருக்குள் இருக்க விரும்புபவருக்கு 2019-க்குப் பிந்தைய மேனுவல் மியாட்டாவைத் தவிர நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன். 90,000 டாலரைக் கடன் இல்லாமல் முடக்க முடிந்து, அந்த எஞ்சின் ஒலிக்காகவே கார் வாங்குபவர் மேனுவல் ஜிடிஎஸ் 4.0-வை எடுக்கட்டும், அவர் செலவு குறைவு என்று நினைத்து எடுக்க வேண்டாம், பெரிய தொகையை இழக்கும் அபாயம் குறைவு என்று நினைத்து எடுக்கலாம். நான்கு சிலிண்டர் கேமனில் அந்தப் பாதுகாப்பும் இல்லை, ஒலியும் இல்லை. இடைப்பட்ட தொகையில் நிற்பவருக்கு என் முதல் தேர்வு 2023 அல்லது அதற்குப் பிந்தைய, மென்பொருளைத் தொடாத, மேனுவல் சுப்ரா. ஆட்டோமேட்டிக்கில் குறையில்லை என்பவருக்கும், வி8 வேண்டும் என்பவருக்கும் இசட்51 உள்ள 2022 அல்லது 2023 கார்வெட். விலை இறக்கத்தின் செங்குத்தான பகுதியை முந்தைய உரிமையாளர் ஏற்கனவே சுமந்துவிட்டார்.

அந்தக் கார்வெட்டை எடுப்பவர் விற்கும் தேதியை வாங்கும் நாளிலேயே குறித்துக்கொள்வது நல்லது. 2023-இன் நடுவில் முதல் விற்பனையான காருக்கு எஞ்சின், கியர்பெட்டி வாரண்டி 2028-இன் நடுவில் முடிகிறது. நான்கு ஆண்டு முடியும்வரை காத்திராமல், வாரண்டியில் சில மாதங்களாவது மீதமிருக்கும்படி, வசந்த காலத்தில் வாங்குவோர் கூடும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் விளம்பரம் செய்தால், கியர்பெட்டி பற்றிய அச்சம் பேரத்தில் நுழைவதற்குள் கார் கைமாறிவிடும்.